பாட்னாவில் கிளம்பிய பயம்

2015 டிசம்பர் 2. ஒரே நாளில் 49 செ.மீ. மழை வாங்கியிருந்தது தாம்பரம். கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் மாடி வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, கரன்ட்தான் இல்லை. பக்கத்து வீட்டு மாமா செல்போனை நீட்டினார். வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டனவாம். இன்னும் பேய்மழை வருமென்று நாசாவே சொல்லிவிட்டதாம். சார்ஜ் 9 சதவீதம். அதையும் நாலு பேருக்கு அனுப்பியே தீர்த்தார். முதலை எதுவும் தப்பவில்லை என்று பண்ணைக்காரர்கள் சொன்னது மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

இந்த முதலைக்குப் பாட்டன் ஊர் பாட்னா. 1934 ஜனவரி 15 பிற்பகலில் பீகாரை நிலநடுக்கம் உலுக்கிப்போட்டது. ஊர் வாயில் புரண்டதையெல்லாம் ஜமுனா பிரசாத் என்ற உளவியலாளர் திரட்டினார். கங்கை திடீரென வற்றிப்போய், குளித்துக்கொண்டிருந்தவர்கள் மணலில் புதைந்துவிட்டார்கள். பாட்னாவுக்குப் புயல் வருகிறது. சந்திர கிரகணத்தன்று இன்னொரு நடுக்கம் நிச்சயம். இவற்றை அலசி அவர் எழுதிய கட்டுரை 1935-இல் பிரிட்டிஷ் உளவியல் இதழில் வெளியானது.

பிறகு அது கப்பலேறிவிட்டது என்றே சொல்லலாம். 1951 கடைசியில், சமூகத் தாக்கம் குறித்த ஆய்வுகளைத் தொகுத்துத் தரும்படி ஃபோர்டு அறக்கட்டளையின் பெரல்சன், லியோன் ஃபெஸ்டிங்கரைக் கேட்டார். வாசித்துக்கொண்டே போனவர் பிரசாத்திடம் வந்து நின்றுவிட்டார். நடுக்கத்தை உணர்ந்தும் சேதம் எதுவும் காணாதவர்கள், ஏற்கெனவே பயந்து கிடப்பவர்கள், ஏன் இன்னும் பயமுறுத்தும் சேதியை நம்பிப் பரப்ப வேண்டும்? அவருக்குத் தோன்றிய விடை தலைகீழானது: சேதியால் வந்த பயமில்லை, பயத்துக்காக வந்த சேதி. கண்ணுக்கு முன் ஒன்றும் இடியவில்லை, நெஞ்சு மட்டும் படபடக்கிறது. அதற்கொரு காரணம் வேண்டாமா? டார்ஜீலிங் மண்சரிவை ஆராய்ந்த துர்கானந்த் சின்ஹாவின் கட்டுரையும் கைகொடுத்தது. அழிவை நேரில் பார்த்தவர்களிடையே இப்படிப்பட்ட ஆரூடங்கள் கிளம்பவில்லை. இந்தப் பொறியிலிருந்து வளர்ந்ததுதான் 1957-இல் ஃபெஸ்டிங்கர் வெளியிட்ட அறிதல் முரண்பாட்டுக் கோட்பாடு. நான் படித்த பாடத்தில் அவர் இருந்தார், பிரசாத் இல்லை. எனக்கு அது இன்றைக்கும் உறுத்தல்தான்.

மாமாவின் தங்கை வீடு முடிச்சூரில். கீழ்த்தளம் முழுக்க அடையாற்று வெள்ளம். மொட்டைமாடியில் இரண்டு இரவு. மூன்றாம் நாள் லைன் கிடைத்ததும் மாமா முதலில் கேட்டது முதலையைத்தான்.

"முதலையா? அதை விடுண்ணா. குழந்தைக்குப் பால் பாக்கெட் எங்கயாவது கிடைக்குமா?"