ஒரு சில்லு, இரண்டு அலைவரிசைகள்: வைஃபைக்குள் காத்திருக்கும் வரிசைகள்

வெளிநாட்டிலுள்ள மகனுடன் ஒரு தாய் வீட்டு வைஃபை ஊடாகக் காணொளி அழைப்பில் பேசிக்கொண்டிருக்கிறார். அதே கைபேசியிலிருந்து பக்கத்திலுள்ள இன்னொரு கைபேசிக்கு 'வைஃபை டிரெக்ட்' மூலம் படங்களும் போய்க்கொண்டிருக்கின்றன. திடீரென மகனின் முகம் உறைகிறது, குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது. பழி இணைய நிறுவனத்தின் மீது விழுகிறது. ஆனால் காரணம் கைபேசிக்குள்ளேயே இருக்கலாம்.

மலிவான வைஃபை சில்லுகள் பலவற்றால் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசையில் மட்டுமே இயங்க முடியும். ரவுட்டர் 36ஆம் அலைவரிசையிலும் மற்றைய கைபேசி 6ஆம் அலைவரிசையிலும் இருந்தால், சில்லு இரண்டுக்கும் இடையே மாறி மாறித் தாவ வேண்டும். இதை ஒழுங்குபடுத்துவதில் டிரைவர் மென்பொருளுக்கு முக்கிய பங்குண்டு.

தாவுவதற்கு முன் முதலில் அந்த இணைப்பின் அனுப்பும் வரிசை நிறுத்தப்படும். ஏற்கனவே வன்பொருளுக்குள் நுழைந்துவிட்ட தரவுப் பொதிகள் அனுப்பி முடிக்கப்படும். பின்னர் 'நான் உறங்கப் போகிறேன்' என்ற சிறு அறிவிப்பு ரவுட்டருக்குச் செல்லும். சில்லு திரும்பி வரும்வரை அதற்குரிய தரவுகளை ரவுட்டர் சேமித்து வைத்திருக்கும். வரிசையைக் காலியாக்காமல் தாவினால், மீதிப் பொதிகள் பிழையான அலைவரிசையில் வெளியேறும். அங்கே அவற்றைப் பெற்றுக்கொள்ள எவரும் இல்லை.

இரண்டு இணைப்புகளும் ஒரே வரிசையைப் பகிர்ந்தால் இன்னொரு சிக்கல் எழுகிறது. ஒன்றை நிறுத்தும்போது மற்றதும் நின்றுவிடும். லினக்ஸின் 'ஏடிஎச்9கே' டிரைவருக்கு 2014இல் பல அலைவரிசை வசதி சேர்க்கப்பட்டபோது, ஒவ்வொரு அலைவரிசைக்கும் தனித்தனி வரிசைகள் ஒதுக்கப்பட்டது இதனால்தான்.

வரிசை நீளமாக இருப்பதும் நல்லதல்ல. நீண்ட வரிசையைக் காலியாக்க நேரம் எடுக்கும். அழைப்பின் குரலும் அதற்குள் சிக்கித் தாமதமாகும். இத்தகைய தாமதத்தைக் கட்டுப்படுத்த கத்லீன் நிக்கோல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012இல் 'கோடெல்' முறையை வெளியிட்டனர். பொதிகள் வரிசையில் எவ்வளவு நேரம் காத்திருக்கின்றன என்பதை அது அளவிடும். தாமதம் தொடர்ந்தால் சில பொதிகளைக் கைவிடும். லினக்ஸின் வைஃபை அடுக்கிலும் பின்னர் இந்த முறை இடம்பிடித்தது.

இரண்டு இணைப்புகளும் ஒரே அலைவரிசையில் இருந்தால் தாவலே தேவையில்லை. அது முடியாவிட்டால், முக்கியமான அழைப்பு முடியும்வரை படங்கள் காத்திருக்கட்டும். புதிய ரவுட்டருக்குச் செலவழிப்பதற்கு முன் இதைச் செய்து பார்க்கலாம்.