கொதிநீரிலிருந்து குப்பிவரை: ஒரு காளான் சாற்றின் வரலாறு

உணவாகக் கொள்ளப்பட்ட பொருளொன்று மருந்தாகும்போது அதன் பெயர் மாறாதிருத்தல் கூடும். ஆயின் அதுபற்றி நாம் கூறத்தக்கவை மாறிவிடுகின்றன. கிழக்காசிய மக்கள் உண்ணும் ஷீட்டாக்கே என்னும் காளானின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

சீனத்தில் வாங் சென் என்பார் 1313இல் இயற்றிய வேளாண்மை நூலிலேயே மரக்கட்டைகளிற் காளான் வளர்க்கும் முறை கூறப்பட்டுள்ளது. உலர்ந்த காளானை நீரிலிட்டுச் சாறெடுத்தல் யப்பானியச் சமையலறையில் நீண்டகால வழக்காகும். ஆய்வுகூடத்தின் முதற்படியும் ஏறத்தாழ அதுவே. காளானின் கலச்சுவரிலுள்ள பீற்றா குளுக்கான் என்னும் பல்சக்கரைட்டின் ஒரு பகுதி கொதிநீரிற் கரைகின்றது. அக்கரைசலில் அற்ககோலைச் சேர்க்க அது வீழ்படிவாகப் பிரிகின்றது. பின்னர் புரதம் முதலியன நீக்கப்பட்டுத் தூய்மையாக்கப்படுகின்றது. தோக்கியோவிலுள்ள தேசிய புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த கோரோ சிஹாராவும் உடனாய்வாளரும் இவ்வாறு பெற்ற சாறு சுண்டெலிகளிற் கட்டிகளைக் குறைத்ததென 1969இல் அறிவித்தனர். ‘லென்ரினான்’ எனப் பெயர்பெற்ற அப்பொருள், இரைப்பைப் புற்றுநோய்ச் சிகிச்சையில் ஏனைய மருந்துகளுடன் சேர்த்து வழங்குதற்கு 1985இல் யப்பானில் அனுமதிக்கப்பட்டது.

ஈண்டு ஒன்று நோக்கற்பாலது. லென்ரினான் நோயாளரின் நாளத்தில் ஊசிமூலம் ஏற்றப்பட்டதேயன்றி உண்ணக் கொடுக்கப்பட்டதன்று. எனவே அதன் புகழைக்கொண்டு, காளானை உண்பதோ அதன் சாற்றைப் பருகுவதோ குடலழற்சியைத் தணிக்கும் என வாதிடுதல் பொருந்தாது. குடல்பற்றிய கூற்றுக்கு வேறு சான்றுகள் வேண்டும்.

அத்தகைய சான்றுகளும் இல்லாமலில்லை. பீற்றா குளுக்கானைச் சமிக்கச் செய்யும் நொதியம் மனிதரிடம் இல்லை. ஆதலால் அது பெருங்குடலை அடைந்து, அங்குள்ள பற்றீரியாக்களால் நொதிக்கச் செய்யப்படுகின்றது. அதனால் விளையும் பியூற்றிறேற்று குடற்சுவரின் கலங்களுக்கு உணவாகின்றது. இப்பல்சக்கரைட்டை இனங்காணும் டெக்டின்-1 என்னும் வாங்கியைக் கோர்டன் பிரவுன், சியாமன் கோர்டன் ஆகியோர் 2001இல் எடுத்துக்காட்டினர். ஆயின் அவ்வாங்கியற்ற சுண்டெலிகளிற் பெருங்குடலழற்சி கடுமையாயிற்று என 2012இல் வெளியான ஆய்வொன்று கூற, அது தணிந்தது என 2015இல் மற்றோராய்வு கூறிற்று. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கேற்ப விளைவும் வேறுபடும் என்பதையே இம்முரண்பாடு உணர்த்துகின்றது.

சான்று எவரிடத்து, எவ்வடிவில், எவ்வழியாற் பெறப்பட்டது என வினவுதல் வரலாற்று மாணவர்க்குப் பழகிய நெறியாகும். குப்பியில் விற்கப்படும் காளான் தூளுக்கும் அதே வினா பொருந்தும். எலியிற் கண்ட நன்மையை நம்பி, குடலழற்சியால் வருந்தும் ஒருவர் தம் சிகிச்சையைக் கைவிடுவாராயின், அவ்வினாவை எழுப்பாமையின் விலையை அவரது உடலே செலுத்த நேரிடும்.