மூக்கு அடித்த அலாரம்

நடுராத்திரி. நல்ல தூக்கம். திடீரென்று மூச்சு முட்டுகிறது. கண் எரிகிறது. தொண்டையில் மிளகாய் நெடி ஏறியது போல ஒரு கமறல். அலறியடித்துக்கொண்டு எழுந்து முதல் காரியமாக என்ன செய்வீர்கள்? ஜன்னலைத் திறப்பீர்கள், கொஞ்சம் நல்ல காற்று வரட்டுமே என்று.

அந்தக் காற்றில்தான் வில்லங்கமே என்றால்?

2023 டிசம்பர் 26ம் தேதி, நள்ளிரவை நெருங்கும் நேரம். எண்ணூர் பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்களுக்கு இதுதான் நடந்தது. தேதியைக் கவனியுங்கள். சுனாமி வந்து அன்றைக்குச் சரியாகப் பத்தொன்பது வருஷம். அதே மாதத்தின் முதல் வாரத்தில்தான் மிக்ஜாம் புயல் வந்து சென்னையைப் புரட்டிப்போட்டிருந்தது. வெள்ளத்தோடு வந்த எண்ணெய், எண்ணூர் கழிமுகத்தில் படகு, வலை எல்லாவற்றிலும் அப்பிக்கிடந்தது. போதாக்குறைக்கு இது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, கிடைத்த வண்டியில் ஏறி ஓடினார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை.

வந்தது அமோனியா. அங்கே உள்ள கோரமண்டல் இன்டர்நேஷனல் உரத் தொழிற்சாலைக்குக் கப்பலில் வரும் சரக்கு அது. கப்பல் கடலில் நிற்கும். அங்கிருந்து கடலுக்கடியில் போகும் குழாய் வழியாகத் தொழிற்சாலைக்குள் போய்ச் சேரும். மைனஸ் 33 டிகிரிக்கும் கீழே குளிர்வித்தால்தான் அமோனியா திரவமாக அடங்கிக் கிடக்கும். ஆகவே சரக்கை இறக்குமுன் குழாயையும் குளிர்விக்க வேண்டும். அந்த வேலை நடக்கும்போதுதான் கரையோரமாகக் குழாய் கசிந்தது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அமோனியா நமக்கு அந்நியம் இல்லை. 1909ல் ஃப்ரிட்ஸ் ஹேபர் என்ற ஜெர்மானியர், காற்றில் இருக்கும் நைட்ரஜனை ஹைட்ரஜனோடு சேர்த்து அமோனியா செய்து காட்டினார். 1913ல் அதற்கு ஒரு தொழிற்சாலையே வந்துவிட்டது. இன்றைக்கு உலகத்தில் கிட்டத்தட்ட பாதிப் பேர் சாப்பிடுவது இந்த வழியில் பிறந்த உரத்தின் தயவில்தான். அதற்காக நோபல் பரிசு வாங்கிய அதே ஹேபர்தான், 1915ல் பெல்ஜியத்தின் ஈப்ர போர்முனையில் குளோரின் வாயுவைத் திறந்துவிட்ட வேலைக்கும் முன்னால் நின்றவர். சோறு போட்ட கையும், மூச்சை நிறுத்திய கையும் ஒரே ஆளுடையது!

சரி, தூங்குகிறவர்களை எழுப்பியது எது? வாசனை என்பீர்கள். இல்லை. வாசனைக்கு மனிதர்கள் பெரும்பாலும் விழிப்பதில்லை. ஆழ்ந்த தூக்கத்தில் மூக்கும் தூங்கிவிடுகிறது. ஆனால், எரிச்சலை உணரும் நரம்பு வேறு. அது காவலுக்கு உட்கார்ந்திருக்கும். காது கேளாதவர்களுக்காக ஜப்பானில் சிலர் தீ அலாரம் ஒன்று செய்தார்கள். மணி அடிக்காது, வசாபி நெடியைப் பீய்ச்சும். தூங்குகிறவர் துள்ளி எழுவார். வேடிக்கையான ஆராய்ச்சிகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு 2011ல் அதற்குக் கிடைத்தது. எண்ணூரில் அதே நரம்புதான் வேலை செய்தது. அமோனியா ஈரத்தைக் கண்டால் விடாது. கண், மூக்கு, தொண்டை என்று எங்கெல்லாம் ஈரமோ அங்கெல்லாம் கரைந்து, காரமாகி, அரிக்கும்.

ஆனால், காசு போட்டு வைக்க வேண்டிய அலாரத்தை, குப்பத்து ஜனங்களின் மூக்கா அடிக்க வேண்டும்?

1984 டிசம்பர் 2ம் தேதி இரவு போபாலிலும் இப்படித்தான். யாரோ மிளகாயை வறுக்கிறார்கள் என்று நினைத்துத்தான் பலர் இருமிக்கொண்டே எழுந்தார்கள். யூனியன் கார்பைடு ஆலையின் சைரன் ஊருக்குக் கேட்கும்படி கொஞ்ச நேரம் ஒலித்து, நிறுத்தப்பட்டது. ஆயிரக்கணக்கில் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் நமக்குப் புத்தி வந்தது. 1986ல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1989ல் அபாயகரமான ரசாயனங்களுக்கான விதிகள். அதில் தெளிவாக ஒன்று சொல்லியிருக்கிறார்கள்: பெரிய விபத்து நேரக்கூடிய இடத்தில், வேலிக்கு வெளியே இருப்பவர்களிடம் என்ன ஆபத்து, வந்தால் என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அதாவது, பக்கத்து வீட்டுக்காரருக்குச் சொல்வது தர்மம் இல்லை. சட்டம். அமோனியா என்றால் ஈரத்துணியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக விலகிப் போகணும். இதைச் சொல்லிவைக்க ஒரு நோட்டீஸ் போதும்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆலை வாசலில் அளந்தபோது, ஒரு கன மீட்டர் காற்றில் 2,090 மைக்ரோகிராம் அமோனியா இருந்தது. ஒரு நாள் சராசரிக்கு அனுமதி 400. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்தது. அரசு அமைத்த நிபுணர் குழு, புயலில் கற்கள் உருண்டு குழாய் சேதப்பட்டிருக்கும் என்றது. புதுக் குழாய் போடச் சொன்னது. கூடவே கசிவைக் கண்டுபிடிக்கும் சென்ஸார், தானே மூடிக்கொள்ளும் ஏற்பாடு, அலாரம். 5.92 கோடி ரூபாய் இழப்பீட்டுக்கும் பரிந்துரை வந்தது.

மூன்று வாரத்துக்கு முன்பு அடித்த புயல், கடலுக்கடியில் குழாயை என்ன செய்தது என்று குப்பத்து ஜனங்களால் எட்டிப் பார்க்க முடியாது. பார்க்க வேண்டியவர்கள் வேறு.

உங்கள் வீட்டுப் பக்கத்துக் காம்பவுண்டுக்குள் என்ன இருக்கிறது, தெருவுக்குக் கீழே எது ஓடுகிறது? பகலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது. ராத்திரியில் மூக்கு சொல்லித் தெரிந்துகொள்கிற விஷயமில்லை அது.