பறவையினத்தின் காவலர் சலீம் அலி

பறவைகளின் மொழியறியும் பேற்றினை நபி சுலைமான் (அலை) அவர்களுக்கு இறைவன் அருளினான் என்பதை நாமறிவோம். எறும்பு, தேனீ, சிலந்தி ஆகிய சிற்றுயிர்களின் பெயர்களையே தன் அத்தியாயங்களுக்குத் தலைப்பாகக் கொண்டது நம் திருமறை. அம்மறையைப் போற்றும் சமுதாயத்தில் தோன்றி, தம் வாழ்வின் பெரும்பகுதியைப் பறவைகளுக்கே ஈந்த அறிஞர் ஒருவரை நம்மில் எத்தனை பேர் நினைவிற் கொண்டுள்ளோம்?

சலீம் அலி 1896 நவம்பர் 12ஆம் நாள் பம்பாயில், சுலைமானி போரா குடும்பமொன்றில் பிறந்தார். மழலைப் பருவத்திலேயே பெற்றோரை இழந்த அவரைத் தாய்மாமன் அமீருத்தீன் தயப்ஜி வளர்த்தார். சிறுவர் ஒருநாள் காற்றுத் துப்பாக்கியால் வீழ்த்திய குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டொன்று இருந்தது. அது என்ன பறவை என அறிய, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் செயலாளர் மில்லார்டிடம் மாமன் அவரை அனுப்பினார். பெட்டி பெட்டியாய்ப் பாடம் செய்து வைக்கப்பெற்றிருந்த பறவைகளை மில்லார்ட் திறந்து காட்டினார். வேட்டையில் பிறந்த வினா கல்வியாக மாறியது அங்கேதான்.

ஆயினும் அக்கல்வி அவருக்கு உடனே வாழ்வளிக்கவில்லை. பர்மாவில் குடும்பத் தொழிலைக் கவனித்துத் திரும்பினார். பம்பாய் அருங்காட்சியகத்தில் விளக்கவுரையாளராகப் பணியாற்றினார். பெர்லின் சென்று பேராசிரியர் ஸ்ட்ரெஸ்மானிடம் பறவையியல் பயின்றார். 1930இல் தாயகம் மீண்டபோது அவருடைய பணியிடமே நீக்கப்பட்டிருந்தது. வேலையிழந்த அவர் துணைவி தெஹ்மினாவுடன் கடற்கரைச் சிற்றூரான கிஹிமில் குடியேறினார்.

அங்கே தூக்கணாங்குருவிகளை நாள்தோறும் பொறுமையுடன் நோக்கினார். ஆண்குருவி கூட்டைப் பாதியளவு பின்னி நிறுத்துகிறது. பெண்குருவி வந்து சோதித்து ஏற்றுக்கொண்ட பின்னரே அதனை முடிக்கிறது. பின்னர் வேறொரு கூட்டைத் தொடங்கி மற்றொரு துணையை அழைக்கிறது. இவ்வுண்மையை அவர் விளக்கியெழுதியது அறிஞருலகின் கவனத்தை ஈர்த்தது. இறந்த பறவையின் தோலையும் இறகையும் அளப்பதோடு அமையாது, உயிருள்ள பறவையை அதன் இருப்பிடத்திலேயே கற்கவேண்டும் என்பதே அவர் காட்டிய வழி.

ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளை அவர் கணக்கெடுத்தார். அப்பயணங்களில் உறுதுணையாயிருந்த தெஹ்மினா 1939இல் மறைந்தார். அத்துயரைத் தாங்கி அவர் 1941இல் வெளியிட்ட இந்தியப் பறவைகள் பற்றிய நூல் எளியவர்க்கும் பறவைகளை அறிமுகப்படுத்தியது. அமெரிக்க அறிஞர் ரிப்ளியுடன் இணைந்தெழுதிய பத்துத் தொகுதிகள் 1968 முதல் 1974 வரை வெளிவந்தன.

அறிவு பொறுப்பைச் சுமத்துகிறது. பரத்பூர்ச் சதுப்பு நிலம் ஒருகாலத்தில் மன்னரின் வேட்டைக்களம். 1938 நவம்பர் 12ஆம் நாள் வைசிராய் லின்லித்கோவின் கூட்டத்தார் அங்கே ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர்; சலீம் அலிக்கு அன்று 42 வயது நிறைந்தது. விடுதலைக்குப் பின் அந்நிலத்தை வடித்து உழவுக்குப் பங்கிட வேண்டுமென்ற குரல் எழுந்தது. நிலமற்ற ஏழையின் தேவை பொய்யன்று. எனினும், சுடப்பட்ட பறவைகளின் இடத்தை அடுத்த பருவத்தில் பிற பறவைகள் நிரப்பக்கூடும். நீர்நிலையே அழிந்தபின் அவை எங்கு வந்திறங்கும்? சலீம் அலி பிரதமர் நேருவை அணுகி அச்சதுப்பைக் காத்தார். அது 1982இல் தேசியப் பூங்காவாகவும், 1985இல் உலகப் பாரம்பரியக் களமாகவும் ஆயிற்று. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கை நீர்மின் திட்டத்தினின்றும் காக்க எழுந்த குரல்களிலும் அவர் குரல் ஒன்றாயிருந்தது.

1976இல் பத்ம விபூஷண் விருது பெற்றார். 1985இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். 1987 ஜூன் 20ஆம் நாள், தொண்ணூறாம் வயதில், பம்பாயில் இறையடி சேர்ந்தார். கோவையை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயர் தாங்கிய பறவையியல் மையம் இயங்குகிறது.

நாகூர், நாகப்பட்டினம் கரையோரம் வாழும் நம்மவர்க்குக் கோடிக்கரை தொலைவிலில்லை. கடல்கடந்து ஆண்டுதோறும் அங்கு வந்திறங்கும் பறவைகளும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமே. அவற்றின் நீர்நிலைகளைக் காப்பதே, ஓர் அறிஞரை நினைவுகூரும் முறைகளில் சிறந்ததென்போம்.