வளைந்த கால்களும் ஒரு கரண்டி மீன் எண்ணெயும்

19ஆம் நூற்றாண்டில் லண்டன், கிளாஸ்கோ மாதிரியான தொழில் நகரங்களில் கால் வளைந்த குழந்தைகள் சர்வ சாதாரணம். நடக்கத் தொடங்கியதும் உடல் எடை தாங்காமல் எலும்பு வில் போல வளைந்துவிடும். இந்த நோய்க்கு ரிக்கெட்ஸ் என்று பெயர். பிரான்சிஸ் கிளிசன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1650லேயே இதைப் பற்றித் தனி நூல் எழுதிவிட்டார். ஆனால் காரணம்? அதைக் கண்டுபிடிக்க இன்னும் 270 வருடங்கள் ஆயின!

வெயிலா, சாப்பாடா?

1822இல் போலந்து மருத்துவர் ஸ்னியாடெக்கி ஒன்றைக் கவனித்தார். வார்சா நகரக் குழந்தைகளுக்கு நோய் அதிகம், சுற்றியுள்ள கிராமக் குழந்தைகளுக்குக் குறைவு. வெயில்தான் மருந்து என்றார். கடலோர மக்களோ காலம்காலமாக மீன் எண்ணெயை நம்பினார்கள்.

1919இல் இரண்டு பக்கத்துக்கும் ஆதாரம் கிடைத்தது. லண்டனில் எட்வர்ட் மெல்லன்பி, நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து, ஓட்ஸ் கஞ்சி போன்ற உணவைக் கொடுத்து ரிக்கெட்ஸ் வரவைத்தார். மீன் எண்ணெய் கொடுத்த குட்டிகளுக்கு அது வரவில்லை. அதே வருடம் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, நோயுள்ள குழந்தைகளைப் புறஊதா விளக்கின் முன் வைத்துக் குணமாக்கினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மற்றக் கையும் சேர்ந்து குணமானது. அப்படியென்றால் தோலில் உருவாகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடல் முழுக்கப் போகிறது.

சரி, யார் சொன்னது உண்மை? இரண்டு பேர் சொன்னதும்தான்.

வியன்னாவின் குழந்தைகள்

முதல் உலகப் போர் முடிந்து வியன்னா பட்டினியில் கிடந்த நேரம். ஹாரியட் சிக் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி தன் பெண் சகாக்களுடன் அங்கே போனார். மருத்துவமனைத் தலைவர் பிர்க்கேயோ ரிக்கெட்ஸ் ஒரு தொற்றுநோய் என்று நம்பியவர். ஆனாலும் ஆராய்ச்சிக்கு இடம் கொடுத்தார். 1919 முதல் 1922 வரை நடந்த அந்த ஆராய்ச்சியில் விடை தெளிவானது. குளிர்காலத்தில், வழக்கமான உணவு மட்டும் பெற்ற குழந்தைகள் பலருக்கு நோய் வந்தது. மீன் எண்ணெய் குடித்தவர்களுக்கு வரவில்லை. கோடையில் யாருக்குமே புதிதாக வரவில்லை.

1922இல் அமெரிக்காவில் மெக்காலம், மீன் எண்ணெயில் இருக்கும் அந்தப் பொருள் வைட்டமின் ஏ அல்ல, வேறு ஒன்று என்று நிரூபித்தார். நான்காவதாக வந்ததால் வைட்டமின் டி என்று பெயர்!

குடலில் நடப்பது

வைட்டமின் டியின் முக்கிய வேலை நடப்பது எலும்பில் அல்ல, குடலில். அது இல்லாவிட்டால் உணவிலுள்ள கால்சியத்தில் சுமார் 10 முதல் 15 சதவீதம்தான் உடலில் சேரும். இருந்தால் 30 முதல் 40 சதவீதம் வரை சேரும். தானியத்தின் மேல்தோலில் உள்ள ஃபைட்டிக் அமிலம் இன்னொரு தடை. கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. மெல்லன்பியின் ஓட்ஸ் கஞ்சி நாய்க்குட்டிகளைக் கெடுத்த ரகசியமும் இதில் இருந்தது. மாவைப் புளிக்க வைத்தால் நுண்ணுயிர்கள் இந்த அமிலத்தைக் கொஞ்சம் உடைத்துவிடும். நம் இட்லி மாவிலும் இதுதான் நடக்கிறது.

பழைய நோய், புதிய ஆட்கள்

மீன் எண்ணெயும் பாலும் பரவலாகக் கிடைத்ததும் பிரிட்டனில் ரிக்கெட்ஸ் ஒழிந்தது என்றே நினைத்தார்கள். ஆனால் 1962இல் கிளாஸ்கோவில் குடியேறிய பாகிஸ்தானியக் குடும்பங்களில் அது மீண்டும் தென்பட்டது. சொந்த ஊரில் அதே சப்பாத்தியைச் சாப்பிட்டபோது அவர்களுக்கு வெயில் இருந்தது. கிளாஸ்கோவில் அது இல்லை. புளிக்காத கோதுமைச் சப்பாத்தி, வெயிலில்லாத வானம் இரண்டும் சேர்ந்துகொண்டன. 1979 முதல் அங்கே ஆசியக் குழந்தைகளுக்கு வைட்டமின் டி இலவசமாகக் கொடுக்கப்பட்டது. நோய் குறைந்தது. சப்பாத்தியை யாரும் கைவிட வேண்டியிருக்கவில்லை.