மின்விளக்கும் செய்திக்கம்பியும்

விளக்கு இருளைப் போக்குவது. செய்திக்கம்பி தூரத்தைப் போக்குவது. மின்சாரம் என்னும் ஒரு தாய் ஈன்ற இவ்விரு மக்களும் தொடக்க முதலாகவே ஒற்றுமையாக வாழ்ந்தவரல்லர். மாலையில் விளக்கேற்றியதும் வீட்டு இணைய இணைப்புத் தளர்வதையோ அறுவதையோ காண்பவர், அதனை இக்காலத்துக்கே உரிய தொல்லையெனக் கருதுவர். உண்மையில் அது நூற்றாண்டுக்கு மேலாக நடைபெற்று வரும் ஒரு வழக்கின் அண்மைக்காலத் தோற்றமேயாகும். அவ்வழக்கில் பொறுப்பு எக்காலத்தில் எவர்மீது சுமத்தப்பட்டது என ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

1876ஆம் ஆண்டில் தோன்றிய தொலைபேசி, தொடக்கத்தில் பெரும்பாலும் ஒற்றைக் கம்பியிலேயே இயங்கியது. மின்னோட்டம் திரும்பும் வழியாக நிலமே பயன்பட்டது. விரைவில் நகரங்களில் மின்விளக்குக் கம்பிகளும், பின்னர் மின்சாரத் தெருவண்டிகளும் பெருகின. அவற்றின் மின்னோட்டம் தொலைபேசியிற் பேரிரைச்சலாகக் கேட்டது. இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கிப் பயன்படுத்தும் முறைக்கு அலெக்சாந்தர் கிரகாம் பெல் 1881இல் காப்புரிமை பெற்றார். முறுக்கிய இரு கம்பிகளையும் இரைச்சல் சம அளவிலே தாக்கும். கருவியோ அவற்றிடையேயுள்ள வேறுபாட்டை மட்டுமே உணரும். ஆதலின் இரைச்சல் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். காலப்போக்கில் தொலைபேசிக் கம்பனிகள் தம் கம்பிகளை இவ்வாறு மாற்றியமைத்தன. பாதிக்கப்பட்டவரே தம்மைக் காத்துக்கொள்ளல் வேண்டும் என்பதே முதற்காலத்து நியதியாயிற்று.

விளக்கு ஏன் இரைச்சலை எழுப்புகின்றது? இவ்வினாவுக்கு விடை கூறும் நிகழ்ச்சியொன்று உண்டு. கரிவில் விளக்கை ஆராய்ந்த இங்கிலாந்து நாட்டு வில்லியம் டட்டெல், அதனோடு ஒரு மின்சுருளையும் ஒரு மின்னொடுக்கியையும் இணைத்தபோது அவ்விளக்கு இசைபோல் ஒலித்தது. இதனை அவர் 1900இல் அறிஞர் அவையில் விளக்கினார். தென்மார்க்கு நாட்டு வல்டெமார் பூல்சன் அதே முறையை மேலும் உயர்ந்த மீடிறனுக்குக் கொண்டு சென்று, 1903இல் கம்பியில்லாத் தந்திக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். விளக்கு தக்க சூழ்நிலையில் ஒலிபரப்பியாகவே மாறிவிடும் என்பது இதனால் தெளிவாயிற்று.

1920களில் வானொலி இல்லங்களுட் புகுந்தது. பிரித்தானிய ஒலிபரப்பு நிறுவனம் 1922இல் தோன்றியது. இப்பொழுது முதற்காலத்து நியதி பயன்படவில்லை. வெளியில் மிதந்துவரும் அலையை முறுக்கிய கம்பியாற் காக்க இயலாதன்றோ? மேலும், ஒரு நாட்டிற் செய்த மின்கருவி பிறநாடுகளிலும் விற்கப்பட்டதால் பொதுவான வரம்பு இன்றியமையாததாயிற்று. 1933இல் பாரிஸ் நகரிற் கூடிய அறிஞர் இதனை ஆராய்ந்தனர். அதன் பயனாக எழுந்த, சிஸ்பர் என வழங்கும் சர்வதேசக் குழு 1934இல் முதன்முறை கூடியது. இரைச்சலை எழுப்பும் கருவியே அதனை அடக்கிக்கொள்ளல் வேண்டும் எனத் தீர்ப்பு மாறியது. பிரித்தானியா 1949இல் இயற்றிய சட்டமும், ஐரோப்பிய சமூகம் 1989இல் விதித்து 1996 முதல் முற்றிலும் கட்டாயமாக்கிய நெறியும் அத்தீர்ப்புக்கு வலுவூட்டின.

எனினும் வழக்கு முடிந்தபாடில்லை. 1999இல் சர்வதேச நியமம் பெற்ற ஏ.டி.எஸ்.எல். முறை, பழைய தொலைபேசிச் செப்புக்கம்பி வழியாகவே இணையத்தைக் கொணர்ந்தது. ஏறத்தாழ 25 முதல் 1,104 வரையான கிலோஹேர்ட்ஸ் மீடிறன்களை அது பயன்படுத்தும். சில கிலோமீற்றர் கடந்து வரும் அச்சைகை வீட்டை அடையும்போது மிக மெலிந்திருக்கும். பின்னர் இழைக்குமிழ் மறைந்து எல்.ஈ.டி. விளக்கு பரவலாயிற்று. இழைக்குமிழ் வெறும் சூடேறிய கம்பி. ஆதலின் அதனாற் பெரிதும் தொல்லையில்லை. எல்.ஈ.டி. விளக்கினுள் இருக்கும் சிறு மின்வழங்கியோ பெரும்பாலும் மின்னோட்டத்தை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி வெட்டி இணைப்பது. அவ்வெட்டுதலால் எழும் அலைகள் இணையத்துக்குரிய மீடிறன்களிலேயே வந்து விழக்கூடும். நேர்மையான உற்பத்தியாளர் வடிகட்டியொன்றை அமைத்து அவற்றை அடக்குவர். மலிவு கருதுவோர் சில வேளைகளில் அதனை விட்டுவிடுவர். வீட்டினுள் முறுக்கில்லாத கம்பியோ துருவேறிய மூட்டோ இருப்பின், பெல் கண்ட காப்பும் அங்கே பயனிழக்கும்.

இதனால் விளையும் துன்பத்துக்கு 2020இல் வெளிவந்த ஒரு செய்தி சான்றாகும். வேல்ஸ் நாட்டின் அபர்ஹோசன் என்னும் சிற்றூரில், நாள்தோறும் காலை ஏழு மணிக்கு இணையம் தளர்ந்தது. பதினெட்டு மாதமாக இந்நிலை நீடித்தது. கம்பிகளை மாற்றியும் பயனில்லை. ஈற்றில் பொறியியலாளர் அளவைக் கருவியோடு தெருத்தெருவாக நடந்து, ஒரு வீட்டிலிருந்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியே காரணமெனக் கண்டனர். அதற்குரியவர் பெரிதும் நாணி, அதனை இனி இயக்குவதில்லையென உடன்பட்டார். அவர் தீயவரல்லர், அறியாதவர். கருவி விளக்கன்று எனினும் நீதி ஒன்றே. 2018இல் அமெரிக்கக் கரையோரக் காவற்படை விடுத்த எச்சரிக்கையோ விளக்கைப் பற்றியதேயாம். கப்பல்களிலுள்ள எல்.ஈ.டி. விளக்குகள், ஆபத்தில் உதவிக்குரல் கேட்கவேண்டிய வானொலியையே பாதிக்கக்கூடும் என அது கூறிற்று. இங்கே இழப்பது பொழுதன்று, உயிராகவும் இருக்கலாம்.

ஐயமுடையோர் எளிதிற் செய்யத்தக்க சோதனையொன்று உண்டு. மத்திய அலை வானொலியின் மீடிறன்களில் ஒரு பகுதி ஏ.டி.எஸ்.எல். மீடிறன்களோடு ஒன்றுவது. ஆதலின் நிலையம் எதுவும் ஒலிக்காத இடத்தில் அவ்வானொலியை வைத்து, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்கலாம். எந்த ஆளியை அணைத்ததும் இரைச்சல் ஓய்கின்றதோ, அவ்விளக்கே முதலில் ஐயுறற்பாலது.

கண்ணாடியிழை வழியாக ஒளியே செய்தியைச் சுமக்குமாயின் இவ்விரைச்சல் அதனைத் தீண்டாது என்பது மெய்யே. ஆயினும் அது பாதிக்கப்பட்டவர் ஒதுங்கிச் செல்லும் முதற்காலத்து வழியேயாகும்; வானொலியும் கப்பலோட்டியும் ஒதுங்குதற்கு வேறிடமில்லை. முதலில் கம்பிக்குரியவர் பொறுப்பேற்றனர். பின்னர் உற்பத்தியாளர் பொறுப்பேற்றனர். விதியிருந்தும் அது மீறப்படும் இக்காலத்தில், விளக்கை வாங்கும் நம்மீதும் அப்பொறுப்பிற் பங்குண்டு. நம் இல்லத்து ஒளி அயலவரின் செவியை அடைத்தல் ஆகாது.