முதியோரின் பெரிய சிறுநீரகக் கற்கள்: அறுவை சிகிச்சை வரலாறு

சிறுநீரகத்தில் 2 செ.மீ.க்கு மேல் வளர்ந்த கல் பொதுவாகப் பெரிய கல் எனப்படுகிறது. உட்கிண்ணங்களுக்குள் கிளைத்து வளர்வது மான்கொம்புக் கல். இவை தாமாக வெளியேறுவதில்லை. முதியவருக்கு ஆபத்து கல்லா, கத்தியா என்பதே இச்சிகிச்சை வரலாறு நெடுகிலும் எழுந்த கேள்வி.

பழைய மருத்துவம்

சுசுருத சம்கிதை சிறுநீர்ப்பைக் கல்லை அறுத்தெடுக்கும் முறையைக் கூறுகிறது. அறுக்காவிட்டால் சாவு உறுதி, அறுத்தால் பிழைப்பது ஐயம் என்பதால், அரசனின் அனுமதி பெற்றே செய்யவேண்டும் என்கிறது. சிறுநீரகத்தை அக்கத்தி தொடவில்லை. சித்த மருத்துவம் இந்நோயைக் கல்லடைப்பு என்றது; சிறுபீளை, நெருஞ்சில், மாவிலங்கப்பட்டை ஆகியவற்றைக் கொடுத்தது.

ஆழ்வார்திருநகரியை அடுத்த கடலோரத்தில், ஆறுமுகனேரி, தூத்துக்குடி உப்பளங்களில் வெயிலில் உழைப்போர் வியர்வையாக நீரை இழக்கின்றனர். சிறுநீர் செறிவடைவதால் கல் உருவாகும் வாய்ப்பு கூடுகிறது. வலி இல்லாத கல் முதுமை வரை தெரியாமல் வளரக்கூடும்.

திறந்த அறுவை

1869இல் ஹைடல்பெர்க் நகரில் குஸ்டாவ் சைமன் ஒரு சிறுநீரகத்தை அகற்றி, மற்றொன்றைக் கொண்டே மனிதர் வாழ முடியும் என்று காட்டினார். 1880இல் லண்டனில் ஹென்றி மாரிஸ் சிறுநீரகத்தை அகற்றாமலே கல்லை எடுத்தார். அதன்பின் ஏறத்தாழ நூறாண்டுகள் விலாவில் நீண்ட கீறலிட்டே பெரிய கற்கள் எடுக்கப்பட்டன. குருதியிழப்பு, நுரையீரல் தொற்று, ஆறாத புண் ஆகியவற்றுக்கு அஞ்சி முதியோர் பலருக்கு அறுவை தவிர்க்கப்பட்டது.

சிறு துளை

1976இல் சுவீடனின் பெர்ன்ஸ்ட்ரோம், யோகான்சன் இருவரும் முதுகில் இட்ட துளை வழியே கல்லை எடுத்ததை வெளியிட்டனர். இதுவே பி.சி.என்.எல். முறையின் தொடக்கம். ஏறத்தாழ 1 செ.மீ. துளையில் குழாய் செலுத்தி, அக நோக்கியால் பார்த்து, கல்லை உடைத்து எடுப்பர். 1980இல் மியூனிக்கில் அதிர்வலைச் சிகிச்சை மனிதருக்கு முதன்முதலில் அளிக்கப்பட்டது. ஆனால் பெரிய கல்லை அவ்வாறு உடைத்தால் துண்டுகள் சிறுநீர்க்குழாயை அடைக்கலாம். எனவே பெரிய கற்களுக்கு பி.சி.என்.எல். முதன்மை முறையாக நிலைத்தது.

முதியோர் நிலை

வயது மட்டுமே இன்று தடையன்று. இதயம், நுரையீரல், சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவை முதலில் ஆராயப்படுகின்றன. சிறுநீர்த் தொற்று குணப்படுத்தப்படுகிறது. குருதி உறையாமைக்கான மாத்திரைகளை நிறுத்துவது பற்றி மருத்துவர் முடிவெடுக்கிறார். குப்புறக் கிடத்தினால் மூச்சு சிரமப்படுவோருக்கு மல்லாந்த நிலையிலும் இதைச் செய்யலாம். மான்கொம்புக் கல்லை அப்படியே விட்டால் சிறுநீரகம் அழியலாம். தொற்று குருதியில் பரவி உயிரையும் பறிக்கலாம்.

1965இல் திருநெல்வேலியிலும் 2000இல் தூத்துக்குடியிலும் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிகள் இவ்வட்டாரத்துக்கு உயர் மருத்துவத்தை அருகே கொண்டுவந்தன. அன்று அரசனிடம் கேட்ட அனுமதி இன்று நோயாளியிடம் பெறப்படுகிறது. பிள்ளைகளின் கையெழுத்தோடு முடித்துவிடாமல், இரு பக்க ஆபத்தையும் முதியவரிடமே விளக்கி அவர் ஒப்புதலைப் பெறுவதே முறை.